மைனாவுக்கு ஒரு தனிக் கூரை

அக்டோபர் 1, ஞாயிறு

மைனா உண்டாகியிருக்கிறாள். இது இந்த வீட்டில் இப்போதைக்கு எனக்கும் மைனாவுக்கும் மட்டுமே தெரியும்.

நூலகத்திலிருந்து கால்நடைப் பராமரிப்பு பற்றிய ஒரு புத்தகம் எடுத்து வந்தேன். முக்கால்வாசி பசு மாடு, அப்புறம் எருமை, ஆடு, கோழி. கடைசியில், பின்னட்டைக்குக் கொஞ்சம் முன்னால், நாய்க்கு இரண்டே பக்கம். அதில் சொன்ன அடையாளங்கள் எல்லாம் மைனாவிடம் இருக்கின்றன. மடி தடித்திருக்கிறது. காலையில் சோற்றை முகர்ந்துவிட்டுப் போய்விடுகிறாள், மாலையில் இரண்டு பங்கு தின்கிறாள். படுக்கும் முன் நான்கு முறை சுற்றுகிறாள்.

மைனாவை இந்த வீட்டுக்குக் கொண்டு வந்தவள் சுகந்தி அக்கா. தையல் வகுப்பு முடிந்து வரும்போது ரெக்சின் பைக்குள் போட்டுத் தூக்கி வந்தாள். பைக்குள்ளே ஒரு பாவாடைத் துணியும் கத்தரிக்கோலும் நாய்க்குட்டியும் இருந்தன. "துணி தச்சேன், மீதி விழுந்துச்சு" என்று அம்மாவிடம் சொன்னாள். அம்மா சிரித்துவிட்டாள். அம்மா சிரித்த பிறகு நாயை யார் திருப்பி அனுப்ப முடியும்?

அப்போதெல்லாம் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அப்பாவின் வாடகை சைக்கிள் கடையிலிருந்து ஒரு சைக்கிளை எடுத்துக்கொண்டு வெள்ளாற்றுக் கரைக்குப் போவோம். அக்கா மிதிப்பாள், நான் கேரியரில், மைனா பின்னால் ஓடி வருவாள். முகத்துவாரத்தில் காற்று உப்பாக இருக்கும். அக்கா பாவாடையை முழங்கால் வரை தூக்கிச் செருகிக்கொண்டு தண்ணீரில் நிற்பாள். அவளுக்குக் கல்யாணம் ஆகி விருத்தாசலம் போன பிறகு நாங்கள் யாரும் அங்கே போகவில்லை.

அக்கா இன்னும் சில நாளில் இங்கே வரப்போகிறாள். பிரசவத்துக்கு.

அக்டோபர் 5, வியாழன்

அம்மா கண்டுபிடித்துவிட்டாள்.

"என்னங்க, அந்த நாய் வயித்தப் பாத்தீங்களா?" என்று மோர் ஊற்றும்போது கேட்டாள்.

"நல்லா சாப்புடுது, அதான்" என்றார் அப்பா. அவருக்கும் தெரிந்திருக்கிறது! எங்கள் மூன்று பேருக்கும் தெரிந்து, ஒருவருக்கொருவர் சொல்லாமல் இருந்திருக்கிறோம்.

"சோறு தின்னா வர்ற வயிறா அது? நானும் ரெண்டு பெத்தவதான். என்கிட்ட கத வுடாதீங்க."

"சரி. இருந்துட்டுப் போவட்டும்."

"எப்படிங்க இருந்துட்டுப் போவும்? ஒரே கூரைக்குக் கீழ ரெண்டு பேரு வயித்துப் புள்ளையோட இருக்கக் கூடாது. ஒண்ணு நெலைக்கும், ஒண்ணு நெலைக்காது. போன வருசம் பாத்தோமில்ல?"

அப்பா கை சோற்றிலேயே நின்றது. அப்புறம் பிசைந்தார்.

புவனகிரியில் சித்தப்பாவின் செங்கல் சூளைக்கு மைனாவை அனுப்பிவிட வேண்டும் என்பது அம்மாவின் யோசனை. அங்கே ஏற்கெனவே ஒரு கூட்டம் நாய்கள் இருக்கின்றன. புது நாயைக் குதறிவிடும். நான் புத்தகத்தைக் கொண்டு வந்து, சினையாக இருக்கும் விலங்கை இடம் மாற்றக் கூடாது என்ற வரியைப் படித்துக் காட்டினேன்.

"அது எருமைக்குப் போட்டிருக்கு" என்றாள் அம்மா, எட்டிப் பார்த்துவிட்டு. உண்மைதான். எருமைப் பக்கம்தான்.

அக்டோபர் 8, ஞாயிறு

அப்பா இன்று கடையைத் திறக்கவில்லை. ஆக்சா பிளேடு, தகரம் வெட்டும் கத்திரி, ஏணி எல்லாவற்றோடும் கொல்லைக்குப் போனார்.

எங்கள் வீடு ஓட்டு வீடு. அதன் பின்பக்கம் விறகுக் கொட்டகை. கொட்டகையின் தகரம் வீட்டு ஓட்டுக்கு அடியில் செருகியிருக்கும். அப்பா ஏறி உட்கார்ந்து, தகரத்தை ஒரு சாண் அகலத்துக்கு நீளமாக வெட்டி எடுத்துவிட்டார். வீட்டுக்கும் கொட்டகைக்கும் நடுவே இப்போது ஒரு கோடு மாதிரி வானம் தெரிகிறது.

"இந்தா, வந்து பாரு. அது ஒரு கூரை, இது ஒரு கூரை" என்று அம்மாவைக் கூப்பிட்டார்.

அம்மா இடுப்பில் கை வைத்து அண்ணாந்து பார்த்தாள். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை நடந்துகொண்டே பார்த்தாள். ஒரு மூலையில் தகரத்தின் நுனி ஓட்டைத் தொட்டுக்கொண்டிருந்தது. அதைக் காட்டினாள். அப்பா அதையும் வெட்டினார்.

"இப்ப சரியா?"

"செவுரு ஒண்ணுதானே?"

"நீ கூரைன்னுதானே சொன்ன? செவுத்தப் பத்தி உங்க சாஸ்திரத்துல இருக்கா?"

அம்மா யோசித்தாள். "இல்ல" என்று ஒப்புக்கொண்டாள். ஆனால், மைனா வாசற்படி தாண்டி வீட்டுக்குள் கால் வைக்கக் கூடாது, அக்கா கொட்டகைப் பக்கம் போகக் கூடாது என்று இரண்டு நிபந்தனைகள் போட்டாள்.

நான் கோணிப்பையும் பழைய போர்வையும் விரித்தேன். மைனா நான்கு முறை சுற்றிப் படுத்தாள்.

அக்டோபர் 12, வியாழன்

அக்கா வந்துவிட்டாள். மாமா கொண்டு வந்து விட்டுவிட்டு அடுத்த பஸ்ஸுக்கே போய்விட்டார். அம்மா ஆரத்தி சுற்றிப் பொட்டு வைத்தாள். இந்தத் தடவை வளைகாப்பு வைக்கவில்லை. கண்ணாடி வளையல் கூட அக்கா கையில் குறைவாகத்தான் இருக்கிறது.

சத்தம் கேட்டு மைனா கொல்லையிலிருந்து சந்து வழியாக ஓடி வந்தாள். வயிறு இரண்டு பக்கமும் ஆடியது. அக்காவின் காலடியில் விழுந்து புரண்டாள். அவள் அப்படி முனகி நான் கேட்டு வெகு நாளாகிறது.

அக்கா தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மைனாவின் வயிற்றைப் பார்த்தாள்.

"கோதை, அதக் கொஞ்சம் புடிச்சுக் கட்டு" என்றாள். உள்ளே போய்விட்டாள்.

அக்டோபர் 15, ஞாயிறு

காலையில் மாட்டாஸ்பத்திரிக்குப் போய், பிரசவத்துக்கு முன் நாய்க்கு என்ன தர வேண்டும் என்று கேட்டேன்.

"என்ன சாதி நாய்?" என்றார் கம்பவுண்டர்.

"எங்க அக்கா வளத்த நாய்ங்க."

அவர் சிரித்து, சுண்ணாம்புச் சத்துப் பொடியைக் காகிதத்தில் மடித்துக் கொடுத்தார். "அதுவே எல்லாம் பாத்துக்கும் பாப்பா. நீ பக்கத்துல நின்னு பதறாம இருந்தா போதும்."

மத்தியானம் அக்கா சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். ரேடியோவில் நேயர் விருப்பம். முன்பெல்லாம் பாட்டு தொடங்கும் முன்பே யார் யார் விரும்பிக் கேட்டவர்கள் என்று அறிவிப்பாளர் மாதிரியே மூக்கால் பேசிக் காட்டுவாள். "பரங்கிப்பேட்டையிலிருந்து கோதை, மைனா, மற்றும் பெயர் சொல்ல விரும்பாத ஒரு கொசு." நான் தரையில் உருண்டு சிரிப்பேன். இன்று நான் அதே குரலில் சொல்லிப் பார்த்தேன். அக்கா "ம்" என்றாள்.

அந்த அறையின் கட்டிலுக்கு அடியில்தான் போன வருஷம் மைனா குட்டி போட்டாள். ஐந்து. அதே வாரம்தான் அக்கா ஆஸ்பத்திரியில் இருந்தாள். கொடி சுற்றிக்கொண்டது, யாராலும் ஒன்றும் செய்ய முடியாது என்றார்கள். அக்கா வெறுங்கையோடு திரும்பி வந்து அந்தக் கட்டிலில் படுத்தாள். கீழே ஐந்து குட்டிகளும் பால் குடித்தன. அந்தச் சத்தம் தெரு வரை கேட்கும் போல இருந்தது. அக்காவின் ரவிக்கை நனைந்திருந்தது. அவள் காதைப் பொத்திக்கொண்டாள். மறுநாள் அப்பா குட்டிகளைக் கூடையில் எடுத்துக்கொண்டு போனார். கண் கூடத் திறக்கவில்லை.

இதை எழுத வேண்டாம் என்றுதான் நினைத்திருந்தேன். நேயர் விருப்பத்தைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன்.

அக்டோபர் 19, வியாழன்

மழை. கூரை இடைவெளி வழியாக மைனாவின் சாக்கு நனைந்தது. அப்பா அங்கே ஒரு குடையை விரித்துக் கட்டினார். குடை இரண்டு கூரையையும் சேர்த்துவிடாதா என்று கேட்டேன். "உங்கம்மா காதுல விழாம பேசு" என்றார்.

அக்டோபர் 23, திங்கள்

தீபாவளி. சிவப்புப் பூப்போட்ட பாவாடை, கொஞ்சம் நீளம். அடுத்த வருஷத்துக்கும் ஆகும் என்று அம்மா அளவு கூட்டித் தைக்கச் சொல்லிவிட்டாள்.

தெருவில் வெடிச் சத்தம் ஓயவே இல்லை. மைனா விறகுக்குப் பின்னால் தலையை நுழைத்துக்கொண்டு நடுங்கினாள். அதிரசத்தை முகரக்கூட இல்லை. நான் பக்கத்தில் உட்கார்ந்து காதைப் பொத்தினேன். என் கை போதவில்லை.

அப்போது கொட்டகை வாசலில் நிழல் விழுந்தது. அக்கா, கையில் தன்னுடைய பழைய நீலத் தாவணியோடு நின்றாள். மெதுவாகச் சுவரைப் பிடித்துக் கீழே உட்கார்ந்தாள். தாவணியை மடித்து மைனாவின் தலையைச் சுற்றிக் காதோடு கட்டினாள். தாடைக்கு அடியில் முடிச்சு. குளிருக்கு மப்ளர் கட்டிய கிழவர் மாதிரி ஆகிவிட்டாள் மைனா. அக்கா வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். நான் பார்த்தேன்.

"சின்னக் குட்டியா இருக்கும்போதும் இப்படித்தான் கட்டுவேன். ஞாபகம் இருக்கா?"

"இருக்குக்கா."

"எத்தன நாள் இருக்கு அவளுக்கு?"

"இன்னிக்கோ நாளைக்கோன்னு புத்தகத்துல..."

"சுகந்தி!" என்று உள்ளேயிருந்து அம்மாவின் குரல். அக்கா உடனே எழுந்துவிட்டாள். அம்மா வாசற்படியில் நின்று திட்டவில்லை. அக்காவின் தலையைச் சுற்றி எதையோ அடுப்பில் போட்டாள். உப்பும் மிளகாயும் என்று நினைக்கிறேன். எல்லோரும் தும்மினோம்.

அக்டோபர் 24, செவ்வாய்

இன்று நடந்ததை ஒன்றுவிடாமல் எழுத வேண்டும்.

காலையில் சூரிய கிரகணம். அம்மா நேற்றே தயாராகிவிட்டாள். தண்ணீர்க் குடத்திலும் மாவிலும் தர்ப்பைப் புல். அக்காவின் அறை ஜன்னலுக்கு இரண்டு கம்பளி. கிரகணம் விடும் வரை அக்கா அசையக் கூடாது, சொறியக் கூடாது, ஊசி, கத்தி எதையும் தொடக் கூடாது. வெளிச்சம் வயிற்றில் பட்டால் குழந்தைக்கு ஊனம் வரும். புத்தகத்தில் அப்படி எதுவும் இல்லை என்று நான் சொல்லவில்லை. அம்மாவின் முகத்தைப் பார்த்தால் சொல்லத் தோன்றாது.

அப்பா நடு அறையில் ரேடியோவோடு உட்கார்ந்திருந்தார். நான் மைனாவைப் பார்க்கக் கொட்டகைக்கு நழுவினேன்.

உள்ளே போய் அப்படியே நின்றுவிட்டேன். தகரத்தில் பழைய ஆணி ஓட்டைகள் நிறைய. ஒவ்வொரு ஓட்டை வழியாகவும் விழும் வெளிச்சம் எப்போதும் வட்டமாக இருக்கும். இன்று ஒவ்வொன்றும் பிறை. தரையெல்லாம் பிறை, விறகின் மேல் பிறை, மைனாவின் வயிற்றில் மூச்சுக்கு மூச்சு ஏறி இறங்கும் ஏழெட்டுப் பிறைகள். தகரத்தை வெட்டிய இடத்திலிருந்து நீளமாக ஒரு மங்கிய வெளிச்சம் அவள் முதுகில். இவ்வளவு அழகான ஒன்றை நான் பார்த்ததே இல்லை. அப்பாவிடம் காட்ட வேண்டும் என்று, "அப்பா, ஓடி வாங்க! மைனா வயித்துல கிரகணம் விழுது!" என்று கத்தினேன்.

அம்மா ஓடி வந்தாள்.

வெளியே வரவே கூடாத நேரத்தில், தலையில் முந்தானையைப் போட்டுக்கொண்டு ஓடி வந்து, அந்தப் பிறைகளைப் பார்த்தாள். "ஐயோ, வாயில்லா ஜீவன்" என்றாள். வேறு எதுவும் யோசித்த மாதிரி தெரியவில்லை. மைனாவின் மேல் முந்தானையை விரித்து மூடி, அணைத்தபடியே இழுத்துக்கொண்டு வாசற்படி தாண்டி, நடு அறை தாண்டி உள்ளே போனாள். வீட்டில் இருட்டான இடம் ஒன்றே ஒன்றுதான். அக்காவின் அறை.

அப்பா எழுந்து நின்று பார்த்தார். "இப்ப ரெண்டு பேரும் ஒரே..."

"கிரகணம் வுடட்டும், அப்புறம் பேசிக்கலாம். நீங்க சும்மா இருங்க!"

ஆனால் மைனா கிரகணம் விடும் வரை காத்திருக்கவில்லை. கட்டிலுக்கு அடியில் நுழைந்து, கொஞ்ச நேரத்தில் வேக வேகமாக இரைக்கத் தொடங்கினாள். அம்மா சுவரோடு சாய்ந்து உட்கார்ந்து, "மாரியாத்தா, மாரியாத்தா" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். விளக்குப் போட விடவில்லை. நான் டார்ச்சைக் கைக்குட்டையால் மூடிப் பிடித்துக்கொண்டு கீழே தவழ்ந்தேன்.

முதல் குட்டி ஒரு பைக்குள் இருந்தபடியே வந்தது. மைனா பையைக் கிழித்து நக்கினாள். அது கத்தியது. இரண்டாவது கொஞ்ச நேரம் கழித்து. மூன்றாவது கருப்பு, நெற்றியில் வெள்ளை. கட்டிலில் அக்கா எழுந்து உட்கார்ந்துவிட்டாள் என்பது அவள் பாதங்கள் தரையில் இறங்கியதில் தெரிந்தது.

"கோதை, எத்தன?"

"மூணுக்கா. நல்லாருக்கு."

நான்காவது வந்தபோது மைனா களைத்திருந்தாள். நான் புத்தகத்தில் சொன்னபடி பையைக் கிழித்து, வாயைத் துடைத்து, துண்டால் தேய்த்தேன். தலைகீழாகப் பிடித்துப் பார்த்தேன். மறுபடி தேய்த்தேன். அது சூடாக இருந்தது, அசையவில்லை.

அம்மா என் கையைப் பார்த்தாள். எழுந்து வந்து துண்டோடு சேர்த்து அதை வாங்கினாள். ஒரு சுற்று சுற்றி மூடினாள். அக்காவுக்கு முதுகைக் காட்டியபடி கதவுப் பக்கம் திரும்பினாள். எல்லாம் அவ்வளவு வேகம், அவ்வளவு பழக்கம்.

"அம்மா" என்றாள் அக்கா. "எங்க கொண்டு போற?"

"ஒண்ணுமில்லடி. நீ படு. பாக்க வேணாம்."

"குடும்மா."

"வயித்துல வச்சிக்கிட்டு இதெல்லாம் பாக்கக் கூடாது, சொன்னாக் கேளு சுகந்தி."

"எனக்கு வேணாம். அவகிட்ட குடு. அவ பெத்தது, அவ பாக்கட்டும்."

அம்மா அசையவில்லை. அக்கா கட்டிலைப் பிடித்து எழுந்தாள், அம்மாவின் கையிலிருந்து துண்டை வாங்கினாள், மண்டி போட்டு, துண்டைப் பிரித்து மைனாவின் முன் வைத்தாள்.

மைனா அதை முகர்ந்தாள். நக்கினாள், முகத்தை, வயிற்றை, சின்னக் கால்களை. மூக்கால் தள்ளிப் பார்த்தாள். நிறுத்தி எங்களைப் பார்த்தாள். மறுபடி நக்கினாள். வெளியே தெருவே சத்தமில்லாமல் இருந்தது. கடைசியில் அவளே தலையை எடுத்து, மற்ற மூன்றின் பக்கம் திரும்பிப் படுத்து, அவற்றைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"அவ்வளவுதாம்மா" என்றாள் அக்கா. "அன்னிக்கு இவ்வளவு நேரம் குடுத்திருந்தா எனக்கும் போதும்."

அம்மா கதவருகே அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

கிரகணம் எப்போது விட்டது என்று எனக்குத் தெரியாது.

அக்டோபர் 25, புதன்

சாயங்காலம் ஆட்டுக்கல்லில் அடைக்கு மாவு ஆட்டிக்கொண்டிருந்தேன். அடுக்களையில் அம்மாவும் அக்காவும். மைனாவுக்குக் கேழ்வரகுக் கஞ்சி கொதிக்கும் வாசனை வந்தது. அம்மாதான் காய்ச்சினாள்.

"பொண்ணு" என்றாள் அம்மா. யாரும் கேட்காமலே.

"தெரியும்" என்றாள் அக்கா.

"தல நெறைய முடி. நெத்தி உன் நெத்தி. காது மட்டும் மாப்ள காது. கை வெரலெல்லாம் நீளம்... நீ பொறந்தப்பவும் அப்படித்தான் இருந்துச்சு. பாத்தா நீ தாங்க மாட்டேன்னு எல்லாரும் சொன்னாங்க. நானும் அதான் நெனச்சேன். என்ன துணி சுத்துனேன் தெரியுமா? உன் சீமந்தப் பொடவையில ஒரு பக்கம் கிழிச்சு..."

நான் ஆட்டுவதை நிறுத்தினேன். நிறுத்தினால் கேட்கிறேன் என்று தெரிந்துவிடுமே என்று மறுபடி ஆட்டினேன். மாவு நுரைத்துத் தண்ணீராகப் போய்விட்டது. ராத்திரி அடை கல்லில் ஒட்டிக்கொண்டது. எல்லோரும் பிய்த்துப் பிய்த்துச் சாப்பிட்டார்கள்.

கொட்டகைக்கு மைனாவைத் திருப்பி அனுப்புவது பற்றி அம்மா பேசவில்லை. அப்பா ஒரு முறை தொண்டையைக் கனைத்தார். அம்மா பார்த்த பார்வையில் அடங்கிவிட்டார்.

நவம்பர் 5, ஞாயிறு

கருப்புக் குட்டிக்குக் கண் திறந்துவிட்டது. முதலில் இடது கண். நீலமாகப் பால் படிந்த மாதிரி இருக்கிறது. அக்கா அதை மடியில், வயிற்றுக்கு மேல் வைத்துக்கொண்டிருந்தாள். உள்ளேயிருந்து ஓர் உதை. குட்டி திடுக்கிட்டு விழித்தது. நாங்கள் சிரித்த சிரிப்பில் அம்மா கரண்டியோடு ஓடி வந்தாள்.

பிறகு நேயர் விருப்பம். அக்கா மூக்கால் பேசினாள். "பரங்கிப்பேட்டையிலிருந்து கோதை, மைனா, இன்னும் பெயர் வைக்காத நாலு பேர்."

மூன்று குட்டி, வயிற்றில் ஒன்று. சரியாகத்தான் எண்ணியிருக்கிறாள்.

நவம்பர் 10, வெள்ளி

பள்ளியில் அறிவியல் தேர்வு. கிரகணம் பற்றி ஐந்து மதிப்பெண் கேள்வி. படம் நன்றாக வரைந்தேன். நாயை வரையவில்லை.

நவம்பர் 17, வெள்ளி

விடிகாலையில் அக்காவுக்கு வலி எடுத்தது. வாடகைக் காரில் ஆஸ்பத்திரிக்குப் போனோம். என்னைப் பள்ளிக்குப் போ என்று யாரும் சொல்லவில்லை. மாமா மத்தியானம்தான் வந்து சேர்ந்தார். அப்பா வராந்தாவில் நடந்துகொண்டே இருந்தார். அம்மா பெஞ்சில் உட்கார்ந்து கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். போன வருஷமும் அவள் இதே பெஞ்சில்தான் உட்கார்ந்திருந்தாளாம். அப்பா சொன்னார்.

அழுகைச் சத்தம் கேட்டது. கோபமான, பெரிய அழுகை. மாமா சுவரில் நெற்றியை வைத்துக்கொண்டார். அப்பா நடப்பதை நிறுத்தினார்.

கதவு திறந்து நர்ஸம்மா வெள்ளைத் துணியில் சுற்றிய குழந்தையோடு வந்தார். "சுகந்தியோட அம்மா யாரு? இந்தாங்க பாட்டி, ஆம்பளப் புள்ள. புடிங்க."

அம்மா எழுந்து நின்றாள். கையை நீட்டவில்லை. துணி விலகி முகம் தெரியும் போலிருந்தது. சட்டென்று வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"அவ பாத்துட்டாளா?"

"அவங்க அசதியா இருக்காங்கம்மா. அப்புறம் காட்டிக்கலாம். நீங்க புடிங்க."

"இல்லம்மா. உள்ள கொண்டு போங்க. மொதல்ல அவ பாக்கட்டும். அவ போதும்னு சொல்ற வரைக்கும் பாக்கட்டும்." அம்மா பெஞ்சில் உட்கார்ந்தாள். "நான் இங்கதான் இருக்கேன்."

நர்ஸம்மா எங்களை எல்லாம் ஒரு முறை பார்த்துவிட்டு, குழந்தையை உள்ளே தூக்கிக்கொண்டு போனார்.